பாக்ஸ் செட் ரெக்கார்டா? பெட்டியைப் பார்க்காதீங்க, தட்டைப் பாருங்க

மூர் மார்க்கெட் பக்கமோ, ராயபுரத்தில் யார் வீட்டிலோ ஒரு பாக்ஸ் செட் (பல இசைத்தட்டுகளை ஒரே பெட்டியில் போட்டு விற்பது) விலைக்கு வருகிறது என்று வையுங்கள். பத்துத் தட்டு, 20,000 ரூபாய். ‘தட்டுக்கு 2,000தானே’ என்று தலையாட்டிவிடாதீர்கள். ஏற்கெனவே உங்களிடம் இருப்பதையும், ஒருமுறை போட்டுவிட்டு உள்ளே வைக்கப்போவதையும் கழித்துப் பாருங்கள். நாலு தேறினால் தட்டு 5,000 ஆகிவிடும்.

எல்லாத் தட்டையும் உறையிலிருந்து எடுங்கள். பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வரும் வழவழப்பான வளையத்தில் ஒரு எண் பொறித்திருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். எந்தப் பதிப்பு என்பதற்கு அதுதான் சாட்சி, அட்டை அல்ல. ஒரே தட்டு இரண்டு இருந்து இன்னொன்று காணாமல் போன செட்டும் உண்டு. பெட்டியோடு வரும் புத்தகம் இல்லாவிட்டாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

நம்ம பக்கம் கடல்காற்று, அதனால் அட்டையை மோந்து பாருங்கள். தட்டில் மேலாகப் படிந்த பூஞ்சை பெரும்பாலும் கழுவினால் போகும், அட்டையில் ஊறியது போகாது. பிவிசி பிளாஸ்டிக் உறையில் வருஷக்கணக்கில் கிடந்த தட்டில் பால் படிந்த மாதிரி மங்கல் இருந்தால் விட்டுவிடுங்கள். எத்தனை கழுவினாலும் இரைச்சல் நிற்காது.

‘180 கிராம்’ ஸ்டிக்கருக்குத் தனிக் காசு வேண்டாம். தட்டு கனமாக இருக்கும், அவ்வளவுதான். ஒலியைத் தீர்மானிப்பது மாஸ்டரிங், அதாவது தட்டு அச்சாவதற்கு முன் ஒலிப்பதிவைச் சீர்படுத்தும் வேலை.

இசைத்தட்டு வாங்கி விற்கும் இணையதளமான டிஸ்காக்ஸில் கேட்கும் விலையை விடுங்கள், விற்ற விலையைப் பாருங்கள். வாங்கியதை ஷீட் கூரைக்கடியில் பரணில் படுக்கப் போடாதீர்கள், ஒரே கோடையில் வளைந்துவிடும்.