குஞ்சுக்கு நொறுக்குத் தீனி: எப்போது, எவ்வளவு, எப்படி

முட்டைக் கோழி இனத்துக் குஞ்சு முதல் வாரத்தில் ஒரு நாளைக்குத் தின்பது 10, 12 கிராம் தீவனம். நான்காவது வாரத்தில்கூடச் சுமார் 30 கிராம்தான். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால், தீவனத்துக்கு மேல் கொடுக்கும் நொறுக்குத் தீனியில் பாதித் தவறு நடக்காது. நாம் ஆசையாக அள்ளிப்போடும் ஒரு பிடி, நாலைந்து குஞ்சுகளின் ஒரு வேளைத் தீவனத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குஞ்சுகளுக்கென்றே தயாரிக்கும் ஸ்டார்டர் தீவனத்தில் புரதம் 18 முதல் 20 சதவீதம் இருக்கும். வெள்ளரிக்காயோ 95 சதவீதம் தண்ணீர். கழுத்தடியில் இரை சேரும் தீனிப்பை வெள்ளரியால் நிரம்பினால் குஞ்சு பசியாறிவிடும், ஆனால் வளராது.

அதனால் நாள் தீவனத்தில் 5 சதவீதம் போதும். 10 சதவீதத்தை எப்போதும் தாண்ட வேண்டாம். இரண்டாவது வாரத்தில் பத்துக் குஞ்சுகள் சேர்ந்து ஏறக்குறைய 160 கிராம் தின்னும் என்றால், நொறுக்குத் தீனிக்கு உள்ள இடம் 8 கிராம். அதாவது அவித்த முட்டையின் மஞ்சள் கருவில் பாதி. தட்டைக் கண்டதும் கீச்சிட்டுக்கொண்டு ஓடிவருவதைப் பசி என்று நினைத்துவிடாதீர்கள். வயிறு நிரம்பிய குஞ்சும் அப்படித்தான் ஓடிவரும்.

முதல் வாரம் ஸ்டார்டர் தீவனமும் தண்ணீரும் மட்டுமே. பொரிந்து வரும்போது வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட கருவுணவு முதல் இரண்டு, மூன்று நாட்களுக்குத் தாங்கும். தீவனத்தை அடையாளம் கண்டு கொத்தப் பழகுவதும் அந்த நாட்களில்தான். அப்போதே ருசியானதைக் காட்டினால் சில குஞ்சுகள் தீவனத்தைக் கிளறிவிட்டு அதற்காகக் காத்து நிற்கும்.

எட்டாவது நாளில் மஞ்சள் கருவோடு தொடங்கலாம். முட்டையை 10, 12 நிமிடம் நன்றாக அவித்து, ஆறவிட்டு, மஞ்சள் கருவை விரல்களுக்கிடையே தேய்த்து ரவை போல உதிர்த்துக்கொள்ளுங்கள். உப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம். கட்டியாக விட்டால் ஒரு குஞ்சு அதைக் கவ்விக்கொண்டு ஓடும், மற்றவை துரத்தும், கவ்வியது அவசரத்தில் முழுசாக விழுங்கப் பார்க்கும். இப்படித்தான் குஞ்சுகளுக்கு மூச்சு அடைக்கும். எதைக் கொடுத்தாலும் அரிசிக் குருணை அளவுக்கு மேல் போகக் கூடாது.

கீரை, புழு, தானியம் கொடுப்பதற்கு முன் மணல் வேண்டும். கோழிக்குப் பல் இல்லை. அரைவைப்பையில் கிடக்கும் சிறு கற்கள்தான் அரைக்கின்றன. ஸ்டார்டர் தீவனம் ஈரத்தில் தானே கரைந்துவிடுவதால் அதை மட்டும் தின்னும் குஞ்சுக்குக் கல் தேவையில்லை. மற்றவை தரத் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே 1, 2 மில்லிமீட்டர் அளவுள்ள குறுமணலைக் கழுவிக் காயவைத்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தீவனத்தில் கலக்க வேண்டாம்; தேவையானதை அவையே கொத்திக்கொள்ளும். கடற்கரை மணல் உப்பு, ஆகாது. கிளிஞ்சல் தூளும் இதற்கு மாற்று அல்ல. அது முட்டையிடும் கோழிக்கான சுண்ணாம்புச் சத்து. குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

கீரையை நீளவாக்கில் நறுக்காதீர்கள். நார் தீனிப்பைக்குள் சுருண்டு பந்தாகிவிடும். குறுக்கே, முடிந்தவரை பொடியாக நறுக்குங்கள். நான்கு வாரம் கடந்த குஞ்சுகளுக்கு ஒரு சிறு கீரைக்கட்டைக் கொத்தும் உயரத்தில் இறுக்கிக் கட்டித் தொங்கவிடலாம், இழுத்து இழுத்துக் கிழித்துத் தின்னும். கட்டிய நூலின் நுனி தொங்கக் கூடாது, அதையும் புழு என்று விழுங்கிவிடும். காய்ந்த மீல்வார்ம் புழுவை 15 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பொடியாக நறுக்கி, குஞ்சுக்கு ஒன்று இரண்டு என்று போடுங்கள்.

அடியோடு ஒதுக்க வேண்டியவை: அவகேடோ, சாக்லேட், காபி, டீத்தூள், வெங்காயம், வேகாத காய்ந்த பயறு, பச்சை படிந்த உருளைக்கிழங்குத் தோல், உப்பு போட்ட எதுவும். பூஞ்சை பிடித்த ரொட்டி, தானியம் இவற்றைக் 'கோழிதானே' என்று போடுவது எல்லாவற்றிலும் மோசம். பூஞ்சை நஞ்சு குஞ்சின் ஈரலைத் தாக்கும்.

கொடுக்கும் நேரம் பிற்பகல். காலையில் தீவனத்தைத் தின்று முடித்திருக்கும். சூடு தரும் விளக்குக்கு நேர் கீழே வைக்காமல், தாழ்வான அகலத் தட்டில் பரப்பி வையுங்கள். குறுகிய கிண்ணமானால் பலசாலிகளே தின்றுவிடும். குஞ்சுகளைச் சூட்டில் வைத்து வளர்க்கும் புரூடர் முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வரை இருக்கும், பிறகு வாரம் 3 டிகிரி குறைப்போம். அந்த வெப்பத்தில் ஈரமான எதுவும் சீக்கிரம் புளிக்கும். 20 நிமிடத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், படுக்கையில் சிந்தியதையும் சேர்த்து.

கையில் வைத்துப் பழக்க நினைத்தால் மேலிருந்து கையை இறக்காதீர்கள். மேலிருந்து வருவது பருந்து என்றுதான் குஞ்சுக்குப் படும். உள்ளங்கையைத் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் நீட்டி, மறுகை விரல் நுனியால் தட்டில் டக் டக்கென்று தட்டுங்கள். தாய்க்கோழி இரை காட்டுவதும் அப்படித்தான். முதலில் ஒன்று வரும், மற்றவை அதைப் பார்த்து வரும்.

ரத்தக் கழிச்சலுக்கான மருந்து கலந்த தீவனம் கொடுக்கும் நாட்களில் கை இன்னும் இறுக்கமாக இருக்கட்டும். மருந்து தீவனத்தோடுதான் உள்ளே போகிறது. தீவனம் குறைந்தால் மருந்தும் குறையும்.

புதிதாக ஒன்றைக் கொடுத்த மறுநாள் எச்சத்தைப் பாருங்கள். தண்ணீராகப் போனால் அதை நிறுத்துங்கள். ஆசனவாயில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் பிய்க்காமல், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு விளக்கடியில் விடுங்கள். அதற்குக் கீழே வயிற்றில் காய்ந்த பொருக்கு போல இருப்பது தொப்புள், அதைத் தொட வேண்டாம்.

காலையில் தீவனம் வைப்பதற்கு முன், கழுத்தின் அடியில் வலப்பக்கம் விரலால் லேசாகத் தடவிப் பாருங்கள். அதுதான் தீனிப்பை. இரவு உப்பியிருந்தது காலையில் வற்றியிருக்க வேண்டும். கெட்டியாகக் கல் போல நின்றால் அன்று நொறுக்குத் தீனி கிடையாது, தண்ணீரும் குறுமணலும் வையுங்கள், தீனிப்பையை மெதுவாகப் பிசைந்துவிடுங்கள். தலைகீழாகப் பிடித்துக் கக்கவைக்கும் வேலை மட்டும் வேண்டாம், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒரு நாளில் இளகாவிட்டாலோ, வாயில் புளிப்பு வாடை அடித்தாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.