ரசிகர் சித்திரக்கதையை ஆண்டுக்கணக்கில் நடத்துவது எப்படி? ஒரு மீன்பிடி விளையாட்டை வைத்துச் செய்முறை விளக்கம்

பிடித்த வீடியோ கேமின் உலகத்தை எடுத்துக்கொண்டு, அதில் வரும் மாந்தர்களுக்கு நாமே மேற்கொண்டு கதை கட்டி, இணையத்தில் தொடராக வெளியிடுவதையே ரசிகர் சித்திரக்கதை என்கிறோம். தொடங்குவது எளிது, பத்துப் பதினைந்து பக்கங்களிலேயே நின்றுபோன தொடர்களும் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன. வரையத் தெரியாததால் அவை நின்றுவிடவில்லை. ஒரு பக்கத்துக்கு எவ்வளவு உழைப்பு ஆகும் என்பதைத் தொடங்கும்போதே கணக்கிடாததால் நின்றன. ஆகவே கீழே வரும் ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைத்தான் முன்வைக்கப் போகிறேன்: வேலை நெருக்கும் வாரத்திலும் இதை உங்களால் செய்ய முடியுமா?

எடுத்துக்காட்டுக்கு 'டிரெட்ஜ்' என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். நியூசிலாந்தைச் சேர்ந்த பிளாக் சால்ட் கேம்ஸ் உருவாக்கி, 2023 மார்ச்சில் வெளிவந்த இதில், ஒரு மீனவர் தன்னந்தனியாகச் சிறு படகில் தீவுகளைச் சுற்றி மீன் பிடித்து விற்கிறார். இரவில் மூடுபனி இறங்கிய பிறகும் கடலிலேயே இருந்தால், அவர் மனம் கலங்கிப் பகலில் இல்லாத பாறைகள் எல்லாம் எதிரே வந்து நிற்கின்றன. பாம்பன், மண்டபம், ஏர்வாடி, மூக்கையூர், தொண்டி என்று இராமநாதபுரம் கரையில் வளர்ந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. படகும் வலையும் எப்படி இருக்கும் என்று நாம் கூகுளில் தேட வேண்டியதில்லை அல்லவா?

படி 1: உரிமையின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி, ஒரு படைப்பைத் தழுவி இன்னொன்றை உருவாக்கும் உரிமை மூலப் படைப்பின் உரிமையாளருக்கே உரியது. அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொந்தப் பயன்பாடு, ஆய்வு, விமர்சனம் முதலியவற்றுக்கு விலக்கு அளிக்கிறதே ஒழிய, ரசிகர் கதை என்று எதையும் தனியாகக் குறிப்பிடவில்லை. மைக்ரோசாஃப்ட் போன்ற சில நிறுவனங்கள், தங்கள் விளையாட்டுகளை வைத்து ரசிகர்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று எழுதியே வெளியிட்டிருக்கின்றன. நீங்கள் தேர்ந்தெடுக்கும் விளையாட்டுக்கு அப்படி ஒரு விதிமுறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டாலும், தொடரைக் காசுக்கு விற்காமல், விளையாட்டின் லோகோவைத் தலைப்பில் போடாமல், இது ரசிகர் படைப்பு என்பதை ஒவ்வொரு அத்தியாயத்தின் அடியிலும் எழுதி வைப்பது நல்லது.

விளையாட்டின் கோப்புகளிலிருந்து படங்களை அப்படியே உருவி ஒட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள். 2001 முதல் 2010 வரை ஓடிய 'எயிட் பிட் தியேட்டர்' போன்ற பழைய தொடர்கள் விளையாட்டின் புள்ளிப் படங்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தி நீடித்தன என்பது உண்மை. அவற்றிடம் கற்க வேண்டியது, ஒரே படத்தைத் திரும்பப் பயன்படுத்தும் சிக்கனத்தைத்தான். அதை நம் கையால் வரைந்த படங்களைக் கொண்டே செய்யலாம்.

படி 2: விளையாட்டு சொல்லாமல் விட்ட இடத்தைக் கண்டுபிடியுங்கள்

விளையாட்டில் நடப்பதையே மறுபடியும் வரைந்தால், அதை விளையாடியவர்கள் படிக்க மாட்டார்கள். விளையாடாதவர்களுக்கோ ஒன்றும் புரியாது. எனவே, விளையாட்டு ஒரு வரியில் கடந்துபோகும் ஏதாவது ஓர் இடத்தைப் பிடிக்க வேண்டும்.

'டிரெட்ஜ்' தொடங்கும்போதே மீனவரின் படகு பாறையில் மோதி உடைகிறது. கிரேட்டர் மாரோ என்னும் ஊரின் மேயர் அவருக்கு வேறொரு படகைக் கொடுத்து, அதன் விலையைக் கடனாக எழுதிக்கொள்கிறார். விளையாட்டில் அந்தக் கடன் சீக்கிரமே அடைந்துவிடும். பிறகு கதை, கடலடியில் கிடக்கும் பழம்பொருள்களைத் தேடித் தரச் சொல்லும் வேறொருவரிடம் போய்விடுகிறது. நமக்கு வேண்டிய இடம் அந்தக் கடன்தான். முன்பணம் வாங்கியவர் பிடித்த மீனை முன்பணம் கொடுத்தவரிடமே போட வேண்டும், விலையையும் அவரே சொல்வார் என்பது நம் கரையில் யாருக்கும் விளக்க வேண்டிய செய்தியன்று. படகைக் கொடுத்த மேயரின் முகத்தில் இருக்கும் சிரிப்பு எப்படிப்பட்ட சிரிப்பு என்று நமக்குத் தெரியும். இந்த ஒன்றை வைத்தே ஓர் ஆண்டுத் தொடரை எழுதிவிடலாம்.

அதற்காகக் கிரேட்டர் மாரோவைப் பாம்பனாக மாற்றிவிடாதீர்கள். மேயருக்கு வேட்டி கட்டிவிட்டால் அது வேறு கதையாகிவிடும். ரசிகர் கதை என்று சொல்வதற்கே இடமிருக்காது. ஊர், உடை, மீன் வகை எல்லாம் விளையாட்டில் உள்ளபடியே இருக்கட்டும். மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தை மட்டும் இங்கிருந்து எடுங்கள். மீன் வியாபாரி கூடையிலிருந்து ஒரு மீனை எடுக்கிறார். கட்டைவிரலால் செவுளைத் தூக்கி உள்ளே இருக்கும் சிவப்பைப் பார்க்கிறார். ஒன்றும் சொல்லாமல் மீனைக் கூடைக்குள் போட்டுவிட்டு, கையைச் சாக்கில் துடைத்துக்கொள்கிறார். நான்கு சித்திரக் கட்டங்கள், ஒரு வசனம்கூட இல்லை. விலை குறைந்துவிட்டது என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

படி 3: விளையாட்டின் விதிகளைக் கதையின் விதிகளாக மாற்றுங்கள்

விளையாட்டுக்கென்று இருக்கும் சில விதிகள் கதைக்குள் வந்தால் விசித்திரமாகிவிடும். 'டிரெட்ஜில்' படகு நகரும்போதும் மீன் பிடிக்கும்போதும் மட்டுமே நேரம் ஓடுகிறது. படகு நின்றால் கடிகாரமும் நின்றுவிடும். கதையில் இதை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் படகு நிற்கும் கட்டங்களில் எல்லாம் வானத்துக்கு ஒரே நிறம் தீட்டி, படகு நகர்ந்ததும் நிறத்தை மாற்றினால், விளையாடியவர்கள் அதைக் கண்டுகொண்டு மகிழ்வார்கள். உங்களுக்கும் வண்ண வேலை குறையும்.

இறப்பைப் பற்றி முதல் பக்கம் வரைவதற்கு முன்பே முடிவெடுத்தாக வேண்டும். விளையாட்டில் படகு மூழ்கினால், கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து மறுபடியும் தொடங்கலாம். கதையிலும் அவர் திரும்பி வருவார் என்றால், அதற்குப் பிறகு எந்த இரவும் யாரையும் அச்சுறுத்தாது. வர மாட்டார் என்பதே என் பரிந்துரை.

இன்னொன்றையும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வரைந்துகொண்டிருக்கும் காலத்திலேயே விளையாட்டும் வளரும். 'டிரெட்ஜுக்கு' 2023 நவம்பரில் 'தி பேல் ரீச்', 2024 ஆகஸ்டில் 'தி அயர்ன் ரிக்' என்று இரண்டு விரிவாக்கங்கள் வெளிவந்தன. புதிதாக வருவதை எல்லாம் கதைக்குள் இழுத்துப்போட்டால் தொடர் திசை மாறிவிடும். எந்தப் பதிப்போடு உங்கள் கதை நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதி, மேசைக்கு முன்னால் ஒட்டி வையுங்கள்.

படி 4: நூறு முறை வரையக்கூடிய உருவங்களை அமைத்துக்கொள்ளுங்கள்

கணினி இருந்தால் கிரிட்டா என்னும் இலவச மென்பொருள் போதும். கைப்பேசிதான் இருக்கிறது என்றால் ஐபிஸ் பெயிண்ட் போதும். மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் இதற்கு மேல் நேரம் செலவிடாதீர்கள்.

ஒவ்வொரு மாந்தரையும் கறுப்பு நிழலாக மட்டும் வரைந்து பாருங்கள். நிழலை வைத்தே யார் எவர் என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தொப்பியையோ தோளையோ மாற்றுங்கள். சட்டையில் கட்டம், கோடு, பூ எதுவும் வேண்டாம். முதல் வாரத்தில் அழகாகத் தோன்றும் அந்தக் கட்டம் போட்ட சட்டையை இருபதாவது வாரத்தில் வரைய மனமே வராது. படகை முன்னிருந்து, பக்கவாட்டிலிருந்து, பின்னிருந்து, மேலிருந்து என நான்கு கோணங்களில் ஒரே ஒரு முறை நிதானமாக வரைந்து, தனித்தனி அடுக்குகளாக (லேயர்) சேமித்துக்கொள்ளுங்கள். படகின் முன்முனையான அணியம் எவ்வளவு தூக்கியிருக்க வேண்டும், பிடித்த மீனின் எடை ஏறிய பிறகு படகு எவ்வளவு அமிழ்ந்திருக்க வேண்டும் என்பதைக் கரையில் போய் நின்று பார்த்தே வரையலாம். ஆள்களைப் படம் எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள்.

கடலைக் கற்றுக்கொள்ளப் பாம்பன் சாலைப் பாலத்தைப் போன்ற இடம் வேறு இல்லை. பாலத்துக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்குப் பக்கம் கொந்தளித்துக்கொண்டிருக்க, வடக்குப் பக்கம் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கியதும் இது தலைகீழாகிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு கடல்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, அடங்கிய கடலுக்கு விட்டுவிட்டுப் போகும் சில கிடைக்கோடுகள், கொந்தளிக்கும் கடலுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் சாய்கோடுகள் என்று இரண்டே வகைகளை வகுத்துக்கொண்டால், தொடர் முழுவதற்கும் அது போதும்.

படி 5: தமிழ் எழுத்தை வசனப் பலூனுக்குள் அமர்த்துங்கள்

இங்கேதான் தொடக்கநிலையாளர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆங்கிலத் தொடர்களைப் பார்த்து முட்டை வடிவில் சின்னச் சின்னப் பலூன்களை முதலில் வரைந்துவிட்டு, பிறகு அதற்குள் 'கொடுத்துவிடுகிறேன் என்றேனே' என்பதைத் திணிக்கப் பார்த்தால் இடம் போதாது. தமிழில் விகுதிகளெல்லாம் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டு சொல் நீளும். அதை விரும்பிய இடத்தில் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோனால் படிக்கும் வேகம் கெட்டுவிடும். ஆகவே வேலையின் வரிசையை மாற்றுங்கள்: முதலில் வசனத்தைத் தட்டச்சு செய்து கட்டத்தின் மேற்பகுதியில் வையுங்கள், அதைச் சுற்றி, அகலம் மிகுந்த, மூலைகள் மழுங்கிய செவ்வகமாகப் பலூனை வரையுங்கள், எஞ்சிய இடத்தில்தான் ஆளை வரைய வேண்டும். ஒரு பலூனுக்குப் பத்துச் சொற்களுக்கு மேல் வேண்டாம்.

ஆங்கிலத்தில் கத்துவதைக் காட்டப் பெரிய எழுத்துகளைப் போடுவார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. எழுத்தின் தடிமனையும் அளவையும் மாற்றித்தான் குரலை உயர்த்த வேண்டும். ஆகவே ஒரே எழுத்துருவில் மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை பல எடைகள் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் கேட்டமரன், முக்தா மலர், பாலு தம்பி 2 ஆகியவை இதற்கு ஏற்றவை. கடிதம், நாட்குறிப்பு போன்றவற்றுக்குக் கவிவனார் எழுத்துரு கையெழுத்துச் சாயலைத் தரும். பழைய டி.டி.பி. கடைகளில் புழங்கிய, யூனிகோடு அல்லாத எழுத்துருக்களைத் தொடாதீர்கள். பிறகு வசனத்தைத் திருத்தவோ தேடவோ முடியாது.

ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தட்டச்சு செய்யும்போது 'கொ' என்பதன் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறித் தெரிந்தால் எழுத்துருவைக் குறை சொல்ல வேண்டாம். மென்பொருளின் விருப்பங்களில் 'டைப்' என்ற பகுதிக்குப் போய், தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறந்தால் சரியாகிவிடும்.

படி 6: கைப்பேசித் திரைக்கு ஏற்ற அளவு

பலரும் கைப்பேசியில்தான் படிப்பார்கள் என்பதால், கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவதே நல்லது. சித்திரக்கதைத் தொடர்களை வெளியிடும் வெப்டூன் தளத்தில் ஒரு படத்துண்டின் அளவு 800-க்கு 1280 பிக்சல். நீங்கள் 1600 பிக்சல் அகலத்தில் வரைந்து, வெளியிடும்போது பாதியாகக் குறைத்துக்கொண்டால், பின்னாளில் பெரிய அளவு தேவைப்பட்டாலும் கோடுகள் கெடாது. ஓர் அத்தியாயத்துக்குப் பன்னிரண்டு கட்டங்கள் போதும்.

படி 7: கையிருப்பு சேர்த்த பிறகே வெளியிடத் தொடங்குங்கள்

எட்டு அத்தியாயங்கள் முழுமையாக முடிந்து கையில் இருக்கும்போதுதான் முதல் அத்தியாயத்தை வெளியிட வேண்டும். கையிருப்பு மூன்றாகக் குறைந்தால், வாரம் ஒன்று என்பதை இரு வாரத்துக்கு ஒன்றாக மாற்றுகிறோம் என்று வாசகர்களுக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் வாசகர்கள்கூட, சொல்லாமல் காணாமற்போவதைப் பொறுப்பதில்லை.

ஆண்டுத் திட்டத்தை ஊரின் போக்கிலேயே வகுத்துக்கொள்ளலாம். விசைப்படகுக் குடும்பத்தைச் சேர்ந்தவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் குறைந்தாலும், படகுப் பராமரிப்பு போக மிஞ்சும் நேரத்தில் கையிருப்பைச் சேர்க்கலாம். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் கடை வைத்திருப்பவர்களும், சந்தனக்கூடு விழாவின்போது ஏர்வாடியில் இருப்பவர்களும் அந்த வாரங்களில் பேனாவைத் தொட முடியாது என்று இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதாகச் செய்தி வந்தால், மின்சாரமும் இணையமும் போவதற்கு முன்பே அடுத்த இரண்டு அத்தியாயங்களைத் தானாக வெளியாகும்படி நாள் குறித்து ஏற்றிவிடுங்கள்.

படி 8: முடிவை எழுதிவையுங்கள், கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

கடைசி அத்தியாயத்தின் பென்சில் வரைவை முதல் அத்தியாயம் வெளியாகும் முன்பே போட்டுவிடுங்கள். நடுவில் என்ன வரும் என்பது மாறலாம். மீனவர் மேயரின் கடனிலிருந்து விடுபட்டாரா, இல்லையா என்பது மாறக்கூடாது. அது தெரிந்திருந்தால், தொடரைச் சுருக்க வேண்டிய நிலை வந்தாலும் பத்தே அத்தியாயங்களில் முடித்துக்கொடுத்துவிடலாம்.

கோப்புகளுக்கு அத்தியாய எண், கட்ட எண் என்ற வரிசையில் பெயர் வைத்து, அடுக்குகள் ஒன்றாக இணைக்கப்படாத மூலக் கோப்பைத் தனியாகச் சேமியுங்கள். கரையோர வீடுகளில் உப்புக்காற்று மின்கருவிகளை அரித்துவிடும் என்பதால், ஒரு பிரதியை வீட்டிலுள்ள ஹார்டு டிஸ்கில் வைத்தாலும், இன்னொன்றை இணையச் சேமிப்பகத்தில் மாதந்தோறும் ஏற்றிவிடுங்கள்; ஏற்றிய பிறகு ஏதேனும் ஒரு கோப்பைத் தரவிறக்கித் திறந்து, அடுக்குகள் அப்படியே இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.