வயிற்று வழி டயாலிசிஸ் போதுமா? ஒரு நாள் சேகரிப்பும் அதன் கணக்கும்

வயிற்றுக்குள் திரவத்தை விட்டு வடிக்கும் டயாலிசிஸில் கழிவு எவ்வளவு வெளியேறுகிறது என்பதை, வடிந்த நீரின் நிறத்தையோ நோயாளியின் அன்றைய தெம்பையோ வைத்துச் சொல்லிவிட முடியாது. இரத்த யூரியா குறைவாக இருப்பதையும் நல்ல அறிகுறியாக உடனே எடுத்துக்கொள்ளக் கூடாது. சரியாகச் சாப்பிடாமல் மெலிந்துவரும் நோயாளிக்கும் அது குறைந்துதான் இருக்கும். அதனால்தான் ஒரு முழு நாளின் வடிநீரையும் சிறுநீரையும் சேகரித்து, அவற்றிலுள்ள யூரியாவை இரத்த யூரியாவோடு ஒப்பிடுகிறார்கள். ஒரு வாரத்தில் யூரியா நீக்கப்பட்ட நீரின் அளவை உடலிலுள்ள மொத்த நீரின் அளவால் வகுத்தால் வரும் எண்ணுக்குக் கேடி/வி என்று பெயர்.

சிகிச்சை தொடங்கி ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து முதல் அளவீட்டைச் செய்து, பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்வது வழக்கம். வயிற்றுச் சவ்வில் தொற்று வந்திருந்தால், அது ஆறி ஒரு மாதம் ஆகும்வரை காத்திருக்க வேண்டும்.

கணக்கைவிடச் சேகரிப்பில்தான் பிழைகள் அதிகம். காலை 7 மணிக்குத் தொடங்குவதானால், இரவு முழுதும் வயிற்றில் தங்கிய திரவத்தை அப்போது வடித்துக் கொட்டிவிட வேண்டும். அது முந்தைய நாளின் கணக்கைச் சேர்ந்தது. அதன் பிறகு வடியும் ஒவ்வொரு பையையும், மறுநாள் காலை 7 மணிக்கு வடிப்பது உட்பட, வைத்திருக்க வேண்டும். சிறுநீருக்கும் இதே விதிதான்: முதல் காலைச் சிறுநீரை விட்டுவிட்டு, மறுநாள் அதே நேரம்வரை கழிப்பதையெல்லாம் ஒரே கேனில் சேர்க்க வேண்டும். மலம் கழிக்கும்போது கூடவே போய்விடும் சிறுநீர்தான் பெரும்பாலும் கணக்கில் விடுபடுகிறது. அதற்கு முன்பே கேனில் கழித்துவிடுவது நல்லது. பைகளைத் தராசில் எடை போட்டு, வெறும் பையின் எடையைக் கழித்தால், ஒரு கிலோவை ஒரு லிட்டராகக் கொள்ளலாம். எல்லாப் பைகளையும் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல முடியாதவர்கள், அங்குள்ள செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு பையையும் நன்கு குலுக்கி, அதன் அளவுக்கேற்ற விகிதத்தில் மாதிரி எடுத்துக் கலந்து கொண்டுபோகலாம். சேகரிப்பு முடியும் நாளிலேயே இரத்தமும் கொடுக்க வேண்டும்.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். 50 வயது, 165 செ.மீ. உயரம், 60 கிலோ எடையுள்ள ஆணுக்கு, வயது, உயரம், எடையிலிருந்து உடல்நீரைக் கணிக்கும் வாட்சன் சூத்திரத்தின்படி உடல்நீர் ஏறத்தாழ 35.6 லிட்டர். நாளுக்கு மூன்று முறை 2 லிட்டர் விடுகிறார், மொத்தம் 6.8 லிட்டர் வடிகிறது. வடிநீர் யூரியா 108, இரத்த யூரியா 120 என்றால் விகிதம் 0.9, நாளுக்கு 6.12 லிட்டர், வாரத்துக்கு 42.84 லிட்டர். அதை 35.6 ஆல் வகுத்தால் 1.20 வருகிறது. அவரே நாளுக்கு 700 மி.லி. சிறுநீர் கழிக்கிறார், அதன் யூரியா 480 என்றால், விகிதம் 4, நாளுக்கு 2.8 லிட்டர், வாரத்துக்கு 19.6 லிட்டர், கேடி/வி 0.55. இரண்டும் சேர்ந்து 1.75 ஆகிறது. ஒரே ஒரு முறை கழித்த 200 மி.லி. சிறுநீர் கேனுக்கு வராமல் போனால், இந்த 1.75 என்பது 1.60 ஆகச் சரிந்துவிடும். சிகிச்சை ஒரு துளியும் மாறியிருக்காது. இன்னொரு கவனம்: சில லேப்கள் யூரியாவையும் சில லேப்கள் யூரியா நைட்ரஜனையும் தருகின்றன. இரத்தமும் வடிநீரும் ஒரே அலகில் இல்லாவிட்டால் விடை இரண்டு மடங்குக்கு மேல் தவறும்.

வாரத்துக்கு 1.7 என்பதே பரவலாகக் கொள்ளப்படும் குறைந்தபட்ச அளவு. அதைவிட எவ்வளவு கூட்டினாலும் நன்மை கூடிக்கொண்டே போகும் என்ற எண்ணத்தை, மெக்சிகோவில் நடந்து 2002இல் வெளியான பெரிய ஆய்வு அசைத்துவிட்டது. அதிகத் திரவம் கொடுத்துக் கழிவு நீக்கத்தைக் கூட்டியும் நோயாளிகளின் ஆயுளில் வேறுபாடு தெரியவில்லை. எஞ்சியுள்ள சிறுநீரகச் செயலே அதிக மதிப்புடையது என்பது என் கருத்தும்கூட. ஆகவே, அந்தச் செயலைக் கெடுக்கக்கூடிய வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் விழுங்கும் பழக்கத்தை இவர்கள் அறவே விட வேண்டும். எண் 1.7ஐத் தாண்டியிருந்தாலும், கால் வீக்கம், மூச்சுத்திணறல், பசியின்மை, வாந்தி உணர்வு இருந்தால் சிகிச்சை போதவில்லையோ என்று மருத்துவரிடம் பார்க்க வேண்டும்.

எண் குறைந்து வந்தால் மருந்துச் சீட்டை மாற்றுவதற்கு முன், சேகரிப்பு முழுமையாக நடந்ததா என்று பார்த்து, ஐயம் இருந்தால் மறுபடி செய்ய வேண்டும். உண்மையிலேயே குறைவு என்றால், வயிற்றுச் சவ்வு வழியாகக் கழிவு எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்பதை அறியும் பெட் சோதனை வழிகாட்டும்: 2.5 சதவீதச் சர்க்கரைக் கரைசலை 2 லிட்டர் விட்டு, நான்கு மணி நேரம் கழித்து, வடிநீரிலுள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவை இரத்தத்தினுடையதால் வகுக்கிறார்கள். 0.81க்கு மேல் வந்தால் சவ்வு வேகமானது; திரவம் நெடுநேரம் தங்கினால் சர்க்கரை உறிஞ்சப்பட்டு நீர் வெளியேறாது, எனவே குறுகிய நேர மாற்றங்கள் ஏற்றவை. 0.5க்குக் கீழே வந்தால் சவ்வு மெதுவானது. அத்தகைய நோயாளிக்கு நீண்ட நேரத் தங்கலும், உடல் தாங்குமானால் ஒரு முறைக்கு 2.5 லிட்டரும் பொருந்தும். எந்த மாற்றம் செய்தாலும் நான்கு வாரம் விட்டு, அதே தராசில், அதே நேரத்தில் அடுத்த சேகரிப்பைத் தொடங்க வேண்டும்.