கார்பன் ஃபைபர் டேட்டாஷீட்டைப் படிப்பது எப்படி?

ட்ரோன் கைக்கோ (மோட்டாரைத் தாங்கும் தண்டு) வேறு எதற்கோ கார்பன் குழாய் வாங்கப் போகிறீர்கள் என்றால், உங்களுக்கு வேண்டியது வளையாமையா, உடையாமையா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். டேட்டாஷீட்டில், அதாவது தயாரிப்பாளர் தரும் அளவுப் பட்டியலில், மாடுலஸ் என்பது வளையாமை, இழுவலிமை என்பது உடையாமை.

கார்பன் இழை தயாரிக்கும் ஜப்பானிய கம்பெனியான டோரேயின் டி300 இழைக்கு இழுவலிமை 3530 மெகாபாஸ்கல், மாடுலஸ் 230 ஜிகாபாஸ்கல். அதே கம்பெனியின் டி700எஸ்ஸுக்கு இழுவலிமை 4900, மாடுலஸ் அதே 230 தான். ஆக, ட்ரோன் கை ஆடுகிறதே என்று கூடக் காசு கொடுத்து டி700-க்கு மாறினால் ஆட்டம் துளியும் குறையாது. குழாயின் விட்டத்தைக் கூட்டுங்கள், முதலில் அதுதான் நல்ல வழி. அது முடியாதென்றால் மாடுலஸ் 377 உள்ள, டோரேயின் எம்40ஜே இழை பக்கம் போகலாம்.

மாடுலஸ் எங்கிருந்து வருகிறது? 5 முதல் 7 மைக்ரான் வரை தடிமனுள்ள கார்பன் இழைக்குள் கிராஃபைட் போன்ற கார்பன் தாள்கள் கசங்கியும் மடிந்தும் நீளவாக்கில் கிடக்கின்றன; 2000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அவை இன்னும் நேராக அடுக்கிக்கொள்ளும், விறைப்பு ஏறும், ஆனால் நீளும் தன்மை போய்விடும். டோரேயின் இன்னொரு இழையான எம்60ஜேயின் மாடுலஸ் 588, அது 0.7 சதவீதம் நீண்டாலே முறிந்துவிடும். டி700 சுமார் 2.1 சதவீதம் வரை தாங்கும். அடிக்கடி கீழே விழும் பொருளுக்கு எம்60 வேண்டவே வேண்டாம். இழுவலிமையை மாடுலஸால் வகுத்தால் இந்த நீட்சி கிடைக்கும், டி300-க்குப் போட்டுப் பாருங்கள்: 230 ஜிகாபாஸ்கலை 2,30,000 மெகாபாஸ்கலாக்கி 3530-ஐ அதால் வகுத்தால் சுமார் 0.015, அதாவது 1.5 சதவீதம் வரும். விற்பவர் தரும் எண்கள் இந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், இதெல்லாம் வெறும் இழையின் எண்கள். இழைகளை ஒட்டிப் பிடிக்கும் எபாக்சி பிசினோடு சேர்ந்த பிறகு, கன அளவில் இழை 60 சதவீதம் என்று வைத்தால் 230 என்பது 138 ஆகிவிடும், அதுவும் எல்லா இழையும் ஒரே திசையில் ஓடினால்தான். குறுக்கே அளந்தால் 10 ஜிகாபாஸ்கலை ஒட்டித்தான் நிற்கும், வலிமையும் அப்படியே சரியும். இழைகள் நீளவாக்கில் மட்டும் ஓடும் குழாய் ஒன்றை கிளாம்ப்பில் வைத்து ஸ்க்ரூவை முறுக்கினேன், டிக் என்று ஒரு சத்தம், மூங்கில் பிளந்த மாதிரி நுனியிலிருந்து நேர்கோடாக வெடிப்பு ஓடியது. கிளாம்ப் போடுகிற இடத்துக்கு, குறுக்கும் நெடுக்கும் நெய்த கார்பன் துணியைச் சுற்றிச் செய்த குழாயாகக் கேட்டு வாங்குங்கள், உள்ளே ஒரு மரக்கட்டைத் துண்டையும் செருகிவிடுங்கள். அறுக்கும்போது தண்ணீர் விட்டு அறுங்கள், மாஸ்க் கட்டாயம்.