வலுசர்ப்பத்துக்கு எதிரே பெண்கள்: ஆறு வார வேதபாடம் நடத்துவது எப்படி

பைபிளில் தீமையை எதிர்த்து நின்ற பெண்களைப் பற்றிய வேதபாடங்கள் பெரும்பாலும் குணப்பட்டியலாக முடிந்துவிடுகின்றன. எஸ்தர் தைரியசாலி, அபிகாயில் புத்திசாலி, அன்னாள் ஜெபவீராங்கனை. கேட்பவர்களும் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இதைத் தவிர்க்க ஒரே வழி, குணத்தை விட்டுவிட்டுச் செயலைப் பிடிப்பது. தீமை எந்த உருவத்தில் வந்தது? அந்த நேரத்தில் அவள் கையில் என்ன இருந்தது? அதை வைத்து என்ன செய்தாள்? இப்படி வாசித்தால் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருவது தெரியும். தீமை பிள்ளையைத் தேடி வருகிறது, வழியில் ஒரு பெண் நிற்கிறாள். பார்வோன், அத்தாலியாள், ஏரோது, வெளிப்படுத்தின விசேஷத்தின் வலுசர்ப்பம் என்று நாலு இடத்திலும் இதே கதைதான். பாடம் முழுக்க இந்த ஒரு சரட்டைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

தயாரிப்பு

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் இருந்தால் போதும். பதினைந்தைத் தாண்டினால் இரண்டு பேர் மட்டும் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டு இருப்பார்கள். ஆண்களையும் சேர்த்தே நடத்துங்கள். இதைப் பெண்கள் கூட்டத்துக்கு மட்டும் உரிய பாடமாக்குவது அதன் பாதிப் பயனைக் கெடுத்துவிடும். ஒரு வாரத்துக்கு 75 நிமிடம்: சத்தமாக வாசிக்க 15, தாளில் எழுத 15, பேச 35, ஜெபத்துக்கு 10. வாசிக்கும் நேரத்தைக் குறைக்க எல்லாருக்கும் கை அரிக்கும், குறைக்காதீர்கள். தெரிந்த கதை என்று நினைத்துத் தாவுகிற இடத்தில்தான் தவறு நுழைகிறது.

ஒவ்வொருவருக்கும் நான்கு கட்டம் போட்ட ஒரு தாள் கொடுங்கள். முதல் கட்டத்தில் தீமையின் உருவம், இரண்டாவதில் அவள் கையில் இருந்தது, மூன்றாவதில் அவள் செய்தது, நான்காவதில் காரியத்தை முடித்தது யார். மூன்றாவது கட்டத்தில் வசன எண் இல்லாமல் எதையும் எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். "விசுவாசித்தாள்" என்று எழுதுபவரிடம் எந்த வசனத்தில் என்று கேட்டால், அவரே திரும்பிப் போய் வாசிப்பார்.

முதல் வாரம்: ஆதியாகமம் 3

1 முதல் 20 வரையான வசனங்களை வாசியுங்கள். பகையை உண்டாக்குகிறவர் தேவன். அந்தப் பகை சர்ப்பத்துக்கும் ஸ்திரீக்கும் நடுவே தொடங்கி, இருவருடைய வித்துக்கும், அதாவது சந்ததிக்கும், நீள்கிறது. சர்ப்பத்தின் தலையை நசுக்குவது ஸ்திரீயின் வித்துதான். ஏவாளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியே ஒரு மணி நேரத்தைத் தீர்த்துவிடும் குழுக்கள் உண்டு. அப்படிப் போனால் 6-ஆம் வசனத்துக்குத் திரும்புங்கள், அவள் பழத்தைக் கொடுத்தபோது புருஷனும் உடன் இருக்கிறான். பிறகு 15-ஆம் வசனத்துக்கு வாருங்கள். விழுந்துபோன அதே பெண்ணைத்தான் தேவன் சர்ப்பத்துக்கு எதிர்ப்பக்கம் நிறுத்துகிறார்.

கடைசிப் பத்து நிமிடத்தில் எபேசியர் 6:10-18 வாசிக்கலாம். போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல என்று அங்கே இருப்பது, மூன்றாவது வாரம் யாகேலிடம் வரும்போது மிகவும் தேவைப்படும்.

இரண்டாம் வாரம்: பிள்ளையைக் காத்தவர்கள்

யாத்திராகமம் 1:15 முதல் 2:10 வரை, அதோடு 2 இராஜாக்கள் 11:1-3. எகிப்தின் ராஜாவுக்கு இந்தப் பகுதியில் பெயர் இல்லை, பார்வோன் என்ற பட்டம் மட்டும்தான். மருத்துவச்சிகள் இருவருக்கும் பெயர் உண்டு: சிப்பிராள், பூவாள். கட்டத்தை நிரப்பும்போது அவர்களோடு மோசேயின் தாய், அக்காள், பார்வோனின் குமாரத்தி, நாணற்பெட்டியை எடுத்துவந்த பணிப்பெண் என எல்லாரையும் எழுதச் சொல்லுங்கள். அரண்மனைக்காரி, அடிமை வீட்டுக்காரி என்று பார்க்காமல் ஒரு குழந்தையைச் சுற்றி ஒரு சங்கிலியே உருவாகியிருப்பது அப்போதுதான் தெரியும்.

மருத்துவச்சிகள் பார்வோனிடம் சொன்னது பொய்யா என்ற கேள்வி கட்டாயம் எழும். அதில் சிக்கிக்கொள்ள வேண்டாம். அவர்கள் தேவனுக்குப் பயந்தார்கள், தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார் என்று 17-ஆம், 20-ஆம் வசனங்கள் சொல்கின்றன. பொய் சொல்லலாம் என்ற பொதுவிதி எதையும் அந்த அதிகாரம் வகுக்கவில்லை. அதற்கு மேல் வேதம் சொல்லாததை நாமும் சொல்ல வேண்டியதில்லை.

2 இராஜாக்கள் 11-ஐ இதோடு சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே ராஜவம்சத்தை அழிக்கிறவளும் ஒரு பெண்தான், அத்தாலியாள். குழந்தை யோவாசைத் திருடிக்கொண்டுபோய் ஒளித்தவள் யோசேபாள். கர்த்தருடைய ஆலயத்தில் ஆறு வருஷம் அவன் மறைந்திருந்தான். தாவீதின் வம்சம் அந்த ஆறு வருஷமும் ஒரு சிறுவனின் உயிரில் தொங்கியது. "பெண் என்றாலே மென்மை" என்று யாராவது ஆரம்பித்தால் அத்தாலியாளைக் காட்டினால் போதும். அவள் பக்கமா, யோசேபாள் பக்கமா என்பதைத் தீர்மானித்தது செயல்.

மூன்றாம் வாரம்: தெபொராளும் யாகேலும்

நியாயாதிபதிகள் 4, 5 இரண்டு அதிகாரங்களையும் முழுவதுமாக வாசியுங்கள். இந்த வாரத்துக்கு மட்டும் இன்னொரு 15 நிமிடம் ஒதுக்குவது நல்லது.

இஸ்ரவேலை ஒடுக்கிய கானானிய ராஜா யாபீனின் சேனாபதி சிசெராவிடம் 900 இருப்பு ரதங்கள் இருந்தன, ஒடுக்குமுறை 20 வருஷம் நீடித்தது. முதல் கட்டத்தில் இந்த எண்கள் வர வேண்டும். இரண்டாவது கட்டத்தில் தெபொராளுக்கு என்ன எழுதுவது? அவள் கையில் ஆயுதமே இல்லை. தீர்க்கதரிசனமும், பேரீச்சமரத்தடியில் ஜனங்களுக்குச் செய்துவந்த நியாய விசாரணையும் இருந்தன. இஸ்ரவேலின் படையை நடத்திய பாராக்குக்கு எப்போது எழும்ப வேண்டும் என்று சொன்னதும் அவள்தான். "ஆண்கள் யாரும் கிடைக்காததால் தேவன் ஒரு பெண்ணைப் பயன்படுத்தினார்" என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கலாம். அதற்கு வசனம் கேளுங்கள், கிடைக்காது. பாராக்குக்கு மேன்மை கிடைக்காது என்று 4:9 சொல்வது, அவள் ஏற்கெனவே நியாயாதிபதியாக இருந்தபின் நடந்த பேச்சில்.

யாகேலில்தான் வகுப்பு திணறும். தோற்று ஓடிவந்த சிசெராவுக்குத் தன் கூடாரத்தில் அடைக்கலம் கொடுத்து, பால் கொடுத்து, தூங்கினவனைக் கொன்றாள். இதைப் பூசிமெழுகாமல் திணறலை அப்படியே விடுங்கள். பிறகு 5:28-30-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். சிசெராவின் தாய் ஜன்னலில் நின்று, மகன் ஏன் தாமதிக்கிறான் என்று பார்க்கிறாள். ஆளுக்கு ஒன்றிரண்டு பெண்களைக் கொள்ளையாகப் பங்கிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தன்னையே தேற்றிக்கொள்கிறாள். அவன் ஜெயித்திருந்தால் இஸ்ரவேலின் பெண்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை எதிரியின் வீட்டிலிருந்தே பாட்டு சொல்லிவிடுகிறது. யாகேலின் சுத்தியல் யாரைக் காத்தது என்பது அதற்குப் பிறகுதான் விளங்கும்.

ஆதியாகமம் 3:15-ல் தொடங்கிய, நசுக்கப்படும் தலையைப் பற்றிய சரட்டையும் இங்கே இழுக்கலாம். சிசெராவின் நெற்றிப்பொட்டில் கூடார ஆணி இறங்கியது. நியாயாதிபதிகள் 9:53-ல் பெயர் தெரியாத ஒருத்தி போட்ட எந்திரக்கல் அபிமெலேக்கின் மண்டையை உடைத்தது. 2 சாமுவேல் 20-ல் ஆபேல் பட்டணத்துப் புத்தியுள்ள ஸ்திரீ தாவீதின் சேனாபதி யோவாபோடு பேசி, கலகக்காரன் சேபாவின் தலையை மதிலுக்கு வெளியே போடவைத்து, ஊரையே காத்தாள். கத்தோலிக்கர்களின் திருவிவிலியத்தில் இருக்கும் யூதித்து நூலிலும் அசீரியப் படைத்தலைவனின் தலைதான் போகிறது. யாகேலைக் குறித்து 5:24-ல் பாடப்பட்ட "ஸ்திரீகளுக்குள்ளே ஆசீர்வதிக்கப்பட்டவள்" என்ற வாழ்த்து, லூக்கா 1:42-ல் மரியாளுக்கு வருகிறது. மரியாளின் கையில் ஆணி இல்லை, வயிற்றில் பிள்ளை இருந்தது. எபேசியர் 6:12-ஐத் திரும்ப எடுக்க வேண்டிய இடம் இதுதான். இல்லையென்றால், தனக்குப் பிடிக்காத மனிதர்களைச் சிசெராவாக நினைத்துக்கொண்டு ஜெபிப்பவர்கள் கிளம்பிவிடுவார்கள்.

நான்காம் வாரம்: வாயும் காலமும்

எஸ்தர் 4 முதல் 8 வரை. இது நீளம் என்பதால் வீட்டில் வாசித்துவரச் சொல்லுங்கள். பெரும்பாலான பாடங்கள் 7-ஆம் அதிகாரத்தில், யூதரை அழிக்கக் கட்டளை எழுதின ஆமான் தூக்கில் தொங்கியதோடு முடிந்துவிடும். அங்கே முடித்தால் பாதிக் கதைதான். ஆமான் செத்தாலும் அவன் எழுதின கட்டளை சாகவில்லை. ராஜமுத்திரை போட்டதை மாற்ற முடியாது என்று 8:8 சொல்கிறது. எஸ்தர் 8:3-ல் மறுபடியும் ராஜாவின் பாதத்தில் விழுந்து அழுகிறாள். தீமை செய்தவனை அகற்றுவது ஒரு வேலை, அவன் போட்டுவிட்டுப்போன சட்டத்தைச் செல்லாமல் செய்வது இன்னொரு வேலை. விடாப்பிடியாகச் செய்ய வேண்டியது இரண்டாவதுதான்.

இந்த வாரம் உபவாசம் வைக்கலாமா என்று கேட்பார்கள். எஸ்தரின் உபவாசம் மூன்று நாள், தண்ணீரும் இல்லாமல். அதை அப்படியே பின்பற்ற விடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. ஒரு வேளை உணவைத் தவிர்த்து, தண்ணீர் குடித்து, அந்த நேரத்தை ஜெபத்துக்கு வைத்தால் போதும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார் உணவை விடவே வேண்டாம், வேறு ஏதாவது ஒன்றை ஒதுக்கட்டும்.

அபிகாயிலையும் (1 சாமுவேல் 25) இங்கே தொடலாம். பட்டயம் கட்டிய 400 பேரோடு வந்த தாவீதை 200 அப்பங்களும் சமைத்த 5 ஆடுகளும் மற்றவையும் கொண்டு எதிர்கொண்டு, இரத்தப்பழியிலிருந்து அவனைத் தடுத்தாள். கவனிக்க வேண்டியது, அவள் கணவன் நாபால் குடித்திருந்த இரவில் அவள் ஒன்றும் சொல்லவில்லை, விடிந்தபின்தான் சொன்னாள். இந்த அதிகாரத்தை வைத்து, கொடுமைக்காரக் கணவனைச் சகித்துக்கொண்டு இரு என்று போதிப்பது துர்ப்போதனை. அவள் நாபாலைப் புத்தியில்லாதவன் என்று தாவீதிடமே சொன்னாள், அவனைக் கேட்காமலே காரியத்தில் இறங்கினாள்.

நேரம் மிஞ்சினால் தீர்க்கதரிசியான உல்தாள்: 2 இராஜாக்கள் 22:14-20. எரேமியா தீர்க்கதரிசியும் வாழ்ந்த காலம் அது. ஆனாலும் கண்டெடுத்த நியாயப்பிரமாண புஸ்தகத்தைப் பற்றி விசாரிக்க யோசியா ராஜா அனுப்பிய ஐந்து பேரும் போனது அவளிடம். அவள் சொன்ன வார்த்தைக்குப் பின்னால் தேசத்தின் விக்கிரகங்கள் நொறுங்கியதை அடுத்த அதிகாரம் சொல்கிறது.

ஐந்தாம் வாரம்: விடுதலை பெற்றவர்கள்

லூக்கா 8:1-3, 13:10-17, மாற்கு 7:24-30, அப்போஸ்தலர் 16:16-19. சாத்தான் பதினெட்டு வருஷமாய்க் கட்டியிருந்த பெண்ணை இயேசு ஆபிரகாமின் குமாரத்தி என்கிறார். பிலிப்பியில் குறிசொல்லுகிற ஆவி பிடித்திருந்த பெண்ணை வைத்து எஜமான்கள் சம்பாதித்தார்கள். ஆவி போனதும் அவர்களுக்குக் கோபம் வந்தது, ஆதாயம் போய்விட்டதே என்று. ஒருத்தியின் அடிமைத்தனத்தில் லாபம் பார்த்தவர்கள் யார் என்ற கேள்வியை முதல் கட்டத்தில் எழுதவையுங்கள். சீரோபேனிக்கியா தாய் தன் மகளுக்காக இயேசுவோடு வாதாடினாள். அவள் சொன்ன பதிலுக்காகவே பிசாசு போயிற்று என்று 29-ஆம் வசனம் சொல்கிறது.

மகதலேனா மரியாள் விபசாரி என்று யாராவது சொல்வார்கள். ஏழு பிசாசுகள் நீங்கினவள் என்பது மட்டுமே வசனம். லூக்கா 7-ல் வரும் பாவியான ஸ்திரீயோடு அவளை ஒன்றாக்கியதில் போப் கிரகோரி 591-ஆம் ஆண்டு செய்த பிரசங்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1969-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் நாட்காட்டித் திருத்தம் அந்த இணைப்பைக் கைவிட்டது.

இந்த வாரம்தான் நடத்துபவருக்குக் கவனம் அதிகம் வேண்டும். யாராவது தன் வீட்டில் நடக்கும் அடி உதையைச் சொல்லலாம், தூக்கமின்மையையோ காதில் கேட்கும் குரலையோ பிசாசு என்று சொல்லலாம். எல்லார் முன்னிலையிலும் கைவைத்து ஜெபித்து முடித்துவிடாதீர்கள். வன்முறை என்றால் தனியாகப் பேசி, அவர் பாதுகாப்பாக இருக்க வழி செய்யுங்கள், குழுவின் ஜெபக்குறிப்பில் எழுதாதீர்கள். சிறுபிள்ளைகள் பாதிக்கப்பட்டிருந்தால் இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள், அதற்குரிய அதிகாரிகளிடம் சொல்ல வேண்டியிருக்கும். மனநோய்க்கான மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமை வேதபாடம் நடத்துபவருக்கு இல்லை. ஜெபியுங்கள், மருத்துவரிடமும் அனுப்புங்கள்.

ஆறாம் வாரம்: வெளிப்படுத்தல் 12, ரோமர் 16

சூரியனை அணிந்திருந்த ஸ்திரீ யார் என்ற சர்ச்சைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். இஸ்ரவேல் என்பார்கள், திருச்சபை என்பார்கள், கத்தோலிக்கர்கள் மரியாளையும் அதில் காண்பார்கள். கட்டங்களை நிரப்பினால் வேறொன்று கண்ணில் படும். வலுசர்ப்பத்தோடு யுத்தம் பண்ணுகிறவன் தேவதூதனாகிய மிகாவேல். அவள் பெறுகிறாள், ஓடுகிறாள், 1,260 நாள் போஷிக்கப்படுகிறாள். பூமியே வாயைத் திறந்து அவளுக்கு உதவுகிறது. ஓடித் தப்புவதும் இந்தப் போரில் ஒரு பங்கு. இதை அழுத்திச் சொல்லுங்கள், ஐந்தாம் வாரம் வாய் திறந்தவருக்கு அது தேவைப்படலாம்.

கடைசி அரை மணி நேரம் ரோமர் 16. வாழ்த்துப் பட்டியல் என்று எல்லாரும் தாண்டிப்போகும் அதிகாரம் இது. பெபேயாள், பிரிஸ்கில்லாள், மரியாள், யூனியா, திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள், யூலியாள், பெயர் சொல்லப்படாத ரூபின் தாய், நேரேயின் சகோதரி ஆகியோரை வரிசையாக எழுதச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலுக்குக் கீழேயே 20-ஆம் வசனம் இருக்கிறது. சமாதானத்தின் தேவன் சீக்கிரமாய்ச் சாத்தானை "உங்கள் கால்களின்கீழே" நசுக்கிப்போடுவார் என்கிறது. நசுக்குகிறவர் தேவன், நான்காவது கட்டம் அவருக்கு. கால்கள் யாருடையவை என்று வகுப்பிடம் கேட்டுவிட்டு, அவர்கள் பட்டியலை மறுபடி பார்க்கும்வரை பேசாமல் இருங்கள். தாள்களை வாங்கி வைத்துக்கொள்ளாமல் அவரவரிடமே விட்டுவிடுங்கள்.