முன்பக்கம் ‘டொக்’ என்கிறதா? ஸ்பேர் கடைக்குப் போகும் முன்

மண்டபத்தில் மீன் ஏற்றி ராமநாதபுரத்துக்கும் பரமக்குடிக்கும் ஓடும் பிக்கப் என்னுடையது. போன வருடம் அதன் முன்பக்கத்தில் ஒரு சத்தம் ஆரம்பித்தது. சரியாக என் காலுக்கு அடியில் ‘டொக்’ என்று ஒரே தட்டு. சக்கரத்தைக் கீழ் ஆர்மோடு இணைக்கும் கீழ்ப் பால் ஜாயிண்ட் இரண்டையும் மாற்றினேன். போகவில்லை. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட், அப்புறம் முன் ஷாக் அப்சார்பர் இரண்டும் மாற்றினேன். அப்போதும் போகவில்லை. இரண்டு மாத வருமானத்தில் பாதி அந்த ‘டொக்’குக்கே போனது.

கடைசியில் உச்சிப்புளிப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. முதலில் கேட்டது இதைத்தான்:

“தம்பி, பாம்பன் பாலத்துல இந்தச் சத்தம் வருதா?”

யோசித்துப் பார்த்தேன். “இல்லண்ணே, பாலத்துல வராது. ஊருக்குள்ள குண்டு குழி ரோட்டுலதான் வருது.”

“அப்ப ஒத்தச் சக்கரம் ஏறுனாத்தான் சத்தம் போடுது.”

பாலத்தின் இணைப்புகள் சாலைக்குக் குறுக்கே நேராக இருப்பவை. முன் சக்கரம் இரண்டும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும். ஊர்ச் சாலையில் குழி ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும்தான் வரும். ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது முறுக்கம் ஏறுவது எது? இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் ராடு. அவர் நேரே அதைத்தான் பார்த்தார். ராடைச் சேஸிஸோடு பிடிக்கும் பிராக்கெட் துருப்பிடித்து, வெல்டிங் ஓரத்தில் விட்டிருந்தது. மற்ற மெக்கானிக்குகள் ஜாக்கி போட்டு இரண்டு சக்கரத்தையும் தொங்கவிட்டுப் பார்த்தபோது ராடில் முறுக்கமே இல்லை. அதனால் எல்லாம் இறுக்கமாகவே தெரிந்திருக்கிறது. இவர் வலது சக்கரத்தை மட்டும் ஒரு பலகைக் கட்டையில் ஏற்றி நிறுத்தினார். விரிசல் வாயைத் திறந்துவிட்டது.

நான் செய்த முதல் தவறு இங்கேதான். சத்தம் எங்கே வருகிறது என்று எல்லோரிடமும் சொன்னேன், எப்போது வருகிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. முன்பக்கச் சத்தத்தில் ‘எப்போது’ என்ற கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். மெதுவாகப் போகும்போதா, வேகத்திலா? பிரேக் மிதித்தால் கூடுகிறதா, நிற்கிறதா? ஸ்டியரிங் திருப்பினாலா? காலியாக இருக்கும்போதா, லோடு ஏற்றிய பிறகா? இரண்டு நாள் கவனித்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

‘எங்கே’ என்பது பெரும்பாலும் ஏமாற்றும். தண்டவாளத்தில் தட்டினால் தூரத்திலும் கேட்பது போல, சேஸிஸ் இரும்பு சத்தத்தை இழுத்துக்கொண்டு போகும். இடது பக்கம் தட்டுவது வலது காலடியில் கேட்கலாம். எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமானால், நீளமான காம்பவுண்ட் சுவர் ஓரமாகக் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சுவர் பக்கச் சத்தம் திரும்பி வந்து காதில் விழும். அடுத்து மறு பக்கம் சுவர் வருமாறு ஓட்டுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இதை விடியற்காலையில் செய்யுங்கள். பத்து மணிக்கு மேல் காற்றுச் சத்தம்தான் கேட்கும்.

இன்னொரு அவசரத் தவறு, சின்ன விஷயங்களைத் தாண்டிப் பெரிய பாகத்துக்குப் போவது. முதலில் வீல் நட்டைப் பாருங்கள். பஞ்சர் ஒட்டிய பிறகு வந்த சத்தம் என்றால் கட்டாயம் பாருங்கள். சக்கரம் பொருந்தும் ஹப் முகத்தில் துரு இருந்தால் சக்கரம் சரியாக உட்காராது. இறுக்கிய நட்டு 50, 100 கிலோமீட்டரில் தளரும். பிறகு பேட்டரி கிளாம்ப், பானெட் பூட்டு, முன் பம்பர் கார்டு, சீட்டுக்கு அடியில் கிடக்கும் ஜாக்கி, சைலன்சர் தகடு. கடற்கரை மணலில் இறங்கும் வண்டிக்கு இன்னொன்றும் உண்டு: பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் காப்புத் தகட்டுக்கும் நடுவில் சிக்கிய ஒரு சின்னக் கல் அல்லது சிப்பித் துண்டு போடும் கிரீச் சத்தம். வண்டியே உடைந்துவிட்டது போல பயமுறுத்தும். தகட்டை லேசாக நெம்பினால் விழுந்துவிடும்.

சரி, சின்னது ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டது. இனி ஜாக்கி.

இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். காயில் ஸ்பிரிங் கீழ் ஆர்ம் மீது உட்காரும் வண்டியில், ஜாக்கியைச் சேஸிஸில் போட்டுச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே அழுத்திப் பால் ஜாயிண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த ஜாயிண்டும் நல்ல ஜாயிண்ட் மாதிரி நடிக்கும். ஜாக்கி கீழ் ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்டுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும். சக்கரம் தரையை விட்டு ஓரிரு விரல் உயர்ந்தால் போதும். முன்பக்கம் பட்டை ஸ்பிரிங்கும் நேர் ஆக்சிலும் உள்ள வண்டி என்றால் ஆக்சிலுக்கு அடியில் போடுங்கள். நம் ஊர் மணலில் ஜாக்கி இறங்கும், அதனால் அடியில் தடித்த பலகை வையுங்கள். ஸ்டாண்டு போடாமல் வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். இதில் அவசரம், அனுபவம் என்று எதுவும் செல்லாது.

இப்போது சக்கரத்தைக் கடிகாரம் போல நினைத்துக்கொண்டு 12 மணி இடத்திலும் 6 மணி இடத்திலும் பிடித்து ஆட்டுங்கள். ஆடுகிறதா? உடனே வீல் பேரிங் என்று முடிவு செய்யாதீர்கள். ஒருவரைப் பிரேக் மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட், நேர் ஆக்சில் வண்டியில் கிங் பின், அதாவது சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு. இந்த ஒரு சோதனை தெரியாமல் எத்தனையோ நல்ல பேரிங்குகள் கழற்றி எறியப்படுகின்றன என்பதுதான் எனக்கு ஆற்றாமை. 3 மணி, 9 மணி இடத்தில் மட்டும் ஆடினால் டை ராட் பக்கம் பாருங்கள். டை ராட் எண்டுக்கு இன்னும் நல்ல சோதனை ஒன்று உண்டு. சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒருவர் ஸ்டியரிங்கைச் சின்னதாக இடமும் வலமும் அசைக்க, நீங்கள் ஒவ்வொரு ஜாயிண்டின் மேலும் கை வைத்துப் பாருங்கள். தேய்ந்தது கையில் தட்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தெரியும்.

தட்டாமல் ‘உம்ம்’ என்று உறுமுகிற சத்தம் வேறு வகை. வேகம் கூடக் கூட இதுவும் கூடும். தேவிபட்டினம் தாண்டித் தொண்டி போகும் சாலை மாதிரி ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில், இன்ஜினை அணைக்காமல் ஒரு கணம் நியூட்ரலுக்குத் தள்ளிப் பாருங்கள். இன்ஜினை அணைத்தால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கனத்துவிடும், அதைச் செய்யவே கூடாது. நியூட்ரலிலும் உறுமல் அப்படியே இருந்தால் அது சக்கரப் பக்கத்துச் சத்தம். இடது பக்கம் வளையும்போது எடை வலது சக்கரத்தில் விழும். அப்போது கூடினால் பெரும்பாலும் வலது பேரிங். ஆனால் ஏற்ற இறக்கமாகத் தேய்ந்த டயரும் இதே மாதிரி உறுமும். பேரிங் வாங்குவதற்கு முன்பு முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தம் பின்னால் போய்விட்டால் பேரிங்குக்கு ஆயுள் இருக்கிறது.

பேரிங் இங்கே சீக்கிரம் போவதற்கு ஒரு காரணம் உண்டு. ஓடி வந்த சூட்டோடு, வல்லத்தில் (நாட்டுப் படகில்) வந்த மீனை ஏற்ற அலையோரம் வரை வண்டியை இறக்குகிறோம். சூடான ஹப் கடல் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணீரை இழுக்கும். ஹப்பைக் கழற்றும்போது கிரீஸ் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். முடிந்தவரை ஈரமணலுக்கு இந்தப் பக்கமே வண்டியை நிறுத்தி, கூடையைச் சுமந்து வந்து ஏற்றுங்கள். கூலி கொஞ்சம் கூடும்தான். புதுப் பேரிங்கை அதிகமாக இறுக்குவதும் அதே அளவு கெடுதல். இறுக்கம் கூடினால் சூடேறி அது சில வாரத்தில் உறுமத் தொடங்கும்.

பிரேக் மிதித்தால் சத்தம் நிற்கிறது என்றால், பிரேக் பேடும் அதைப் பிடித்திருக்கும் காலிப்பரும் ஆடுகின்றன. கிளிப் விழுந்திருக்கலாம். கிளட்ச் விடும்போதோ ரிவர்ஸ் போடும்போதோ ஒரு ‘டங்’ வந்தால் முன்பக்கத்தை விட்டுவிடுங்கள். பின் சக்கரம் இழுக்கும் வண்டிகளில் அது கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயிண்ட், இல்லாவிட்டால் இன்ஜின் மவுண்ட்.

லோடு ஏற்றினால் சத்தம் போய்விடுகிறது என்று சந்தோஷப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படிச் சந்தோஷப்பட்டவன்தான். எடை தேய்ந்த இடத்தை அழுத்திப் பிடிப்பதால் சத்தம் அடங்குகிறது, தேய்மானம் அடங்குவதில்லை. கிரீஸ் அடித்ததும் அமைதியாகும் ஜாயிண்டும் அப்படித்தான். கிரீஸ் இடைவெளியை நிரப்பிச் சில நாள் வாயை மூடும். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடிந்து வண்டி சாலையிலேயே உட்கார்ந்துவிடும். அங்கே ஆட்டம் கண்டுபிடித்த வண்டியில் அடுத்த லோடு ஏற்றாதீர்கள்.

துருவுக்குப் பயந்து பழைய இன்ஜின் ஆயிலையும் டீசலையும் அடிப்பக்கம் முழுக்க அடிக்கும் வழக்கம் நம் பகுதியில் இருக்கிறது. இரும்புக்கு அது கொஞ்சம் உதவும். ரப்பர் புஷ் ஊறிப் பருத்துக் கிழியும், பிரேக்கில் பட்டால் ஆபத்து. கீச் சத்தம் எந்தப் புஷ் என்று தெரியவில்லையா? சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு புஷ்ஷாக ஊற்றி வண்டியை அமுக்கிப் பாருங்கள். சத்தம் எங்கே மாறுகிறதோ அதுதான். வாட்டர் சர்வீஸ் விடும்போதும், அது நல்ல தண்ணீரா உவர்த் தண்ணீரா என்று கேளுங்கள். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரையே ஊற்றுவதில் பயனில்லை.

புஷ் மாற்றும் பட்டறையில் கூடவே நின்று ஒன்றைக் கவனியுங்கள். சக்கரம் தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சில மாதத்தில் கிழிந்து பழைய சத்தம் திரும்பும். லேசாக முடுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் விழுந்த பிறகுதான் கடைசி இறுக்கம். “அண்ணே, இறக்கிட்டு டைட் பண்ணுங்க” என்று கேட்டால் நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார். வீல் அலைன்மென்ட் இதற்கெல்லாம் பிறகு. ஆட்டம் இருக்கும் வண்டிக்கு முதலிலேயே அலைன்மென்ட் பார்ப்பது வெறும் செலவு. சத்தமும் அதனால் போகாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். லோடு குறையும் அந்த நாட்களில் முன்பக்கத்தைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஆனால் வண்டியை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், வாரம் ஒரு முறையாவது கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். நிறுத்தி வைத்த வண்டியை ஜூனில் எடுக்கும்போது முன்பக்கம் கரகரவென்று உரசும். டிஸ்க் மேல் படிந்த துரு அது. நான்கைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். அப்படியும் ஒரு பக்கம் மட்டும் உரசிக்கொண்டே இருந்து, கொஞ்ச தூரம் ஓடியதும் அந்தச் சக்கரம் மட்டும் சூடானால், காலிப்பர் பின் உப்பில் இறுகியிருக்கிறது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கு உரிய கிரீஸ் தடவிப் போட வேண்டும்.