பெரிய விருந்துக்கு மின்சார ரோஸ்டர்

அமெரிக்காவில் நன்றித் திருநாளுக்கு முழு வான்கோழி சுடும் மின்சார ரோஸ்டர் (மூடி போட்ட பெரிய மின்சாரப் பாத்திரம்), கூட்டம் அதிகமான எந்த விருந்துக்கும் கைகொடுக்கும். ரோஸ்டரின் கொள்ளளவை குவார்ட் என்ற அமெரிக்க அளவில் சொல்வார்கள்; 18 குவார்ட் என்றால் ஏறக்குறைய 17 லிட்டர். சூடு பக்கவாட்டிலிருந்து வருவதால் ஓரம் சீக்கிரம் பிடிக்கும், நடு பின்தங்கும். குருமா, சூப் எதுவானாலும் ஓரத்தைச் சுரண்டி நடுவுக்குத் தள்ளிக் கிளறுங்கள். ஆனால் மூடியை அடிக்கடி திறக்க வேண்டாம், சூடு இறங்கிவிடும். பரிமாறி முடிக்கும்வரை உணவு 140 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (60 டிகிரி செல்சியஸ்) கீழே போகக் கூடாது.

பலரும் கவனிக்காதது கரண்ட்தான். பெரிய ரோஸ்டர் ஒன்றே 1,450 வாட் வரை இழுக்கும். அமெரிக்காவில் இரண்டை ஒரே சர்க்யூட்டில் (ஒரே மின் இணைப்பில்) செருகினால், கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கர் விழுந்துவிடும். சமையல் பாதியில் நின்றுபோகும். விருந்து நடக்கும் ஹாலுக்கு முன்கூட்டியே போய், எந்த பிளக் எந்த சர்க்யூட் என்று கேட்டு வையுங்கள். சாதாரண எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம்.